பூட்டைத் திறந்துவிட்டு அப்புறம் கம்பெனியை மாற்றுங்கள்

கேள்வி: வணக்கம். அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறோம். 14 மாதங்களுக்கு முன்பு 'இலவச ஐபோன்' என்ற சலுகையில் நானும் கணவரும் ஒரு பெரிய கம்பெனியில் ஆளுக்கொரு போன் எடுத்தோம். மாத பில் இப்போது கட்டுப்படியாகவில்லை. குறைந்த கட்டணத்தில் தரும் வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று விசாரித்தால், 'உங்கள் போன் லாக் ஆகியிருக்கிறது, எங்கள் சிம் வேலை செய்யாது' என்கிறார்கள். நண்பர் ஒருவர், 40 டாலர் கொடுத்தால் இணையத்திலேயே திறந்து தருகிறார்கள் என்கிறார். கொடுக்கலாமா? சட்டப்படி தப்பு ஏதும் உண்டா?
- ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: அந்த 40 டாலரைக் கொடுக்காதீர்கள். உங்கள் போன் எண்ணையும் இப்போதைக்குப் புதிய கம்பெனிக்கு மாற்றாதீர்கள். பூட்டுப் போட்ட பழைய கம்பெனியையே அதைத் திறக்கச் சொல்லுங்கள். நிபந்தனைகள் சரியாக இருந்தால் காசு வாங்காமலே திறந்துவிடுவார்கள். பூட்டு திறந்தது என்று கண்ணால் பார்த்த பிறகு எண்ணை மாற்றுங்கள். எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களுடையவை.

முதலில் எந்தப் பூட்டு என்று பார்த்துவிடுவோம். திரையைத் திறக்கும் ரகசிய எண் ஒரு பூட்டு. ஆப்பிள், கூகுள் கணக்கோடு போனைப் பிணைப்பது இன்னொன்று. நீங்கள் கேட்பது மூன்றாவது: இந்த போனில் எங்கள் சிம் மட்டும்தான் ஓடும் என்று விற்ற கம்பெனி போட்டுவைக்கும் நெட்வொர்க் லாக். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. ஆண்ட்ராய்டில் சுலபமான சோதனை, வேறு கம்பெனியின் சிம்மைப் போட்டுப் பார்ப்பது. பூட்டியிருந்தால் 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கும். அங்கே வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டாம். தப்பான எண்ணைச் சில தடவை அடித்தாலே, அப்புறம் சரியான எண்ணையும் ஏற்காதபடி அடைத்துக்கொள்ளும் போன்கள் உண்டு.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் போனை நீங்கள் திறப்பது அமெரிக்காவில் குற்றம் இல்லை. ஆனால் கொஞ்ச காலம் அப்படி இல்லாமல் இருந்தது. காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் போன் திறப்பவர்களுக்குக் கொடுத்திருந்த விலக்கைப் புதிய போன்களுக்கு நீட்டிக்காமல் விட்டதால், 2013 ஜனவரி கடைசியிலிருந்து, கம்பெனியின் அனுமதி இல்லாமல் பூட்டைத் திறப்பது சட்டமீறல் என்று ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தன் இஷ்டப்படி பயன்படுத்துவது குற்றமா என்று மக்கள் கொதித்துப்போனார்கள். வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. கடைசியில் 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. சாதாரண மக்கள் கேட்டு வாங்கிய உரிமை இது. அதனால் கடையில் தயங்கி நிற்காமல் உரிமையோடு கேளுங்கள்.

ஆனாலும் கேட்டவுடன் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி விதி. பொதுவாக மூன்று கேட்பார்கள்: போனுக்கான தவணை முழுதும் கட்டி முடிந்திருக்க வேண்டும், தொலைந்தது அல்லது திருடுபோனது என்று பதிவாகியிருக்கக் கூடாது, குறிப்பிட்ட நாட்கள் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும். மாத பில் கட்டுகிறவர்களுக்கு ஏடி அண்ட் டி 60 நாள், டி-மொபைல் 40 நாள் என்று வைத்திருந்தன. பிரீபெய்டு என்றால் இன்னும் அதிகம், ஏடி அண்ட் டி-யில் 6 மாதம். வெரைசான் பல ஆண்டுகளாக 60 நாளில் தானாகவே திறந்துவிட்டது. அது கம்பெனியின் தாராளம் அல்ல. 2008 ஏலத்தில் எடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு ஒட்டிவந்த நிபந்தனை. அந்த 60 நாள் விதியைத் தளர்த்தச் சொல்லி 2025ல் அரசு ஆணையத்திடம் மனுப் போட்டது. விதிகள் இப்படி நகர்ந்துகொண்டே இருப்பதால், தெரிந்தவர் சொன்னதை நம்பாதீர்கள். நீங்கள் வாங்கிய அன்று கொடுத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் இடிக்கப்போவது தவணைதான். 'இலவச ஐபோன்' என்பது எப்படி நடக்கிறது தெரியுமா? 800 டாலர் போனை உங்கள் பெயரில் 36 மாதக் கடனாக எழுதுவார்கள். மாதம் 22 டாலர் 22 சென்ட். அதே தொகையை ஒவ்வொரு மாத பில்லிலும் கழித்துக்கொண்டே வருவார்கள். இருக்கும்வரை இலவசம். 14வது மாதத்தில் கிளம்பினால் கழிவு நின்றுபோகும், மீதி 22 மாதக் கடன் சுமார் 489 டாலர் ஒரே அடியாகத் தலையில் விழும். இரண்டு போன் என்றால் 978. உங்கள் போனின் விலை வேறாக இருக்கலாம், கணக்கு இதே மாதிரிதான். புதிய இடத்தில் மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்து, இந்தத் தொகையை அதால் வகுங்கள். இருவருக்கும் சேர்த்து மாதம் 70 டாலர் மிச்சம் என்றால் 14 மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும், கிளம்பலாம். 25 டாலர்தான் மிச்சம் என்றால் இருக்கிற 22 மாதத்தை ஓட்டிவிடுவது நல்லது. இந்த வகுத்தலைச் செய்யாமல் யாரும் கம்பெனி மாற்றக் கூடாது என்பேன்.

கிளம்புவது என்று முடிவானால், மீதித் தொகையைக் கட்டி, கணக்கில் போனின் பாக்கி பூஜ்யம் என்று காட்டிய பிறகு அன்லாக் கேட்டு விண்ணப்பியுங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது உங்கள் போனுக்கென்றே உள்ள அடையாள எண், தேவைப்படும். ஏடி அண்ட் டி-யில் இணையத்திலேயே படிவம் இருக்கிறது. அனுப்பியதும் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும், அதை 24 மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் விண்ணப்பம் ரத்து. ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள், பலருக்கு இங்கேதான் தவறுகிறது. பதில் இரண்டு வேலை நாளுக்குள் வரவேண்டும். ஐபோனுக்குப் பூட்டைத் திறக்கும் எண் எதுவும் தரமாட்டார்கள், ஆப்பிளின் பதிவில் உங்கள் போனைத் திறந்ததாகக் குறித்துவிடுவார்கள். வைஃபையில் இணைத்து மேலே சொன்ன 'கேரியர் லாக்' வரியை மறுபடி பாருங்கள்.

அது மாறிய பிறகு எண்ணை மாற்றலாம். பழைய கணக்கை நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள். ரத்தான எண்ணை மாற்ற முடியாமல் போய்விடும். பழைய கம்பெனியிடம் எண் மாற்றத்துக்கான பின் நம்பரை வாங்கிப் புதிய கம்பெனியிடம் கொடுத்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிக்கலில்லாத எண்ணை ஒரு வேலை நாளில் மாற்றித்தர வேண்டும் என்பது அங்கே விதி.

40 டாலர் வியாபாரத்தைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கம்பெனியின் பதிவில் ஏறாமல் ஐபோன் பூட்டு திறக்காது என்றால், வெளியாள் எப்படித் திறக்கிறான்? உள்ளே இருக்கும் ஆளைப் பிடித்துத்தான். ஏடி அண்ட் டி கால் சென்டர் ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து சுமார் 19 லட்சம் போன்களைத் திறந்த ஒருவருக்கு, 2021 செப்டம்பரில் சியாட்டில் நீதிமன்றம் 12 ஆண்டு சிறை விதித்தது. கம்பெனிக்கு நஷ்டம் 20 கோடி டாலருக்கு மேல். அப்படித் திறந்த பூட்டு நாளைக்கு மறுபடி விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மற்ற சிலர் காசை வாங்கிக்கொண்டு எதுவும் செய்வதில்லை.

இவ்வளவு பாடு எல்லா நாட்டிலும் இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போனைப் பூட்டி விற்கவே கூடாது, பழைய போனையும் கேட்டால் இலவசமாகத் திறந்து தரவேண்டும். அதற்கு முன் டொராண்டோவில் இருக்கும் நம்மவர்கள் இதற்கென்று 50 டாலர் அழுதிருக்கிறார்கள். பிரிட்டனில் 2021 டிசம்பர் 17 முதல் அதே தடை. அங்கெல்லாம் போன் கம்பெனிகள் நொடித்துப்போய்விடவில்லை.

கேள்வி: அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது தான் வைத்திருந்த ஐபோன் 15ஐ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். சிம் போடும் இடமே இல்லை. கடையில் கேட்டால், 'ஒரு சிப் வைத்துச் சரிசெய்யலாம், 2,000 ரூபாய் ஆகும்' என்கிறார்கள்.
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: இடம் இல்லாதது பழுதல்ல. ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் ஈசிம் மட்டும்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் ஈசிம் கிடைக்கிறது. இருக்கிற எண்ணையே அதற்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் அதே 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். பூட்டியிருந்தால் இங்கே எந்தக் கடைக்காரராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கம்பெனியில் வாங்கினானோ அங்கே உங்கள் அண்ணன் மகன்தான் கேட்க வேண்டும். போன் கோவில்பட்டியில் இருந்தாலும் பரவாயில்லை, ஐஎம்இஐ எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தவணை பாக்கி இருக்கிறதா என்று அவனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அவன் கட்டாமல் விட்டால் பூட்டும் அப்படியே இருக்கும். அவனுடைய ஆப்பிள் கணக்கிலிருந்தும் போனை நீக்கச் சொல்லுங்கள்.

சிப் விஷயத்தில் ஏமாந்த அனுபவம் எனக்கே உண்டு. சில வருடங்களுக்கு முன் சொந்தக்காரர் கொடுத்த பூட்டிய போனுக்கு, ஒரு கடையில் சிம்முக்கு அடியில் காகிதம் போல மெல்லிய சிப் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். 1,500 ரூபாய். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு இரவு சாஃப்ட்வேர் அப்டேட் ஆனது, காலையில் சிக்னல் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் அது. அழைப்புகள் எதுவும் வராமல் பாதி நாள் போனதை இன்னும் மறக்க முடியவில்லை. அந்தச் சிப் பூட்டைத் திறப்பதில்லை, போனை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். உங்கள் போனில் சிம் தட்டே இல்லாதபோது அதை எங்கே வைப்பார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஜியோபாரத் பட்டன் போன் வாங்கினோம். கிராமத்தில் ஏர்டெல்தான் நன்றாக எடுக்கிறது. அந்த சிம்மைப் போட முடியுமா?
- ஒரு வாசகி, போடி

பதில்: முடியாது. 2023ல் 999 ரூபாய்க்கு வந்த அந்த போன் ஜியோ சிம்மில் மட்டும்தான் ஓடும். குறைந்த விலைக்குப் பின்னால் இருப்பது அதுதான். ஏர்டெல்லும் அதே வருடம் போக்கோ சி51 போனை 18 மாதப் பூட்டோடு விற்றது. நம் ஊரில் சாதாரணமாகக் கடையில் வாங்கும் போன்களுக்குப் பூட்டு இருக்காது, ஆனால் கம்பெனி பெயர் பொறித்து மலிவாக வந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள். அம்மாவின் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு எண்ணை எழுதி 1900க்கு அனுப்பினால் வரும் குறியீட்டை ஏர்டெல் கடையில் கொடுங்கள். சிம் வாங்கி 90 நாள் ஆகியிருக்க வேண்டும், குறியீடு 4 நாளுக்குத்தான் செல்லும். போனை மட்டும் வேறு வாங்கவேண்டி வரும்.

கேள்வி: மகள் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். புது சாம்சங் போன் ஒன்று இங்கேயே வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பூட்டு இல்லை என்பதால் எல்லா இடத்திலும் ஓடும் என்று அர்த்தமில்லை. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியதையொட்டி, எந்த மாடல்கள் தன் நெட்வொர்க்கில் பேச உதவும் என்று பட்டியல் போட்டது. வெளிநாட்டில் வாங்கிய நல்ல போன்கள் பலவும் அதில் இல்லை. மகள் எந்தக் கம்பெனியில் சேரப்போகிறாளோ, அதன் இணையதளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கியிருந்தால் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். விற்ற நாட்டின் சிம்மைப் போட்டு 5 நிமிடம் பேசிய பிறகே வெளிநாட்டு சிம்மை ஏற்கும் சாம்சங் போன்கள் இருக்கின்றன. விமானம் ஏறும் முன்பு, இங்குள்ள சிம்மில் தாத்தா பாட்டியோடு அந்த 5 நிமிடத்தைப் பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.