பதினொன்றுக்கு ஒன்று

கேள்வி: எங்கள் ஊர் ஹாக்கி அணியில் எல்லாரும் 17 வயதுக்குள் உள்ள பையன்கள். மண் மைதானத்தில் பழகுகிறவர்கள். லீக்கும் மண் தரையில்தான். ஆறு அணிகளில் முதல் நான்கு அரையிறுதிக்குப் போகும். மூன்று ஆட்டம் முடிந்துவிட்டது: 0-0 டிரா, 0-1 தோல்வி, 1-4 தோல்வி. 11 பெனால்டி கார்னர் கிடைத்தும் ஒன்றுதான் கோலானது. அதிர்ஷ்டம் கைகொடுத்தால் உள்ளே போய்விடுவார்கள் என்கிறேன் நான். டீக்கடை நண்பர்களோ, ‘மூட்டையைக் கட்டு’ என்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: பையன்கள் பக்கம். உங்கள் பக்கமும் இல்லை, டீக்கடைப் பக்கமும் இல்லை.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அது சின்னது. கையில் 1 புள்ளி, மிச்சம் இரண்டு ஆட்டம். இரண்டையும் வென்றால் 7 புள்ளி. ஆறு அணி லீக்கில் அதற்குப் பெரும்பாலும் இடம் உண்டு. ஒன்றை வென்று ஒன்றைத் தோற்றால் 4, அப்போது இழுபறிதான். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிப்படி, புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை. கோல் வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். நாலு டிரா செய்து 4 புள்ளி சேர்த்த அணியை, ஒரு வெற்றியும் ஒரு டிராவும் வைத்திருக்கும் உங்கள் பையன்கள் முந்திவிடலாம். உங்கள் லீக்கும் இதே விதியில் நடக்கிறதா என்று அமைப்பாளரிடம் இன்றே கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் ஸ்கோர் சமமாக இருக்கும்போது முன்னே ஏறுவதா, பின்னே நிற்பதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். கோல் வித்தியாசம் ஏற்கெனவே மைனஸ் 4. ஆகவே 0-2 என்று பின்தங்கும்போது கோல்கீப்பரை வெளியே இழுத்து இன்னொரு ஆளை இறக்கும் வேலை வேண்டாம். வலை காலியாகக் கிடந்தால் அது 0-4 ஆவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இனி உங்கள் கேள்வியில் இருக்கும் அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதிர்ஷ்டம். வடமொழியில் அதன் நேர்ப்பொருள் ‘காணப்படாதது’. கண்ணில் படாத எதையும் நாம் அந்தச் சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். பெனால்டி கார்னரில் ஒருவன் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான், கோலைச் சுற்றி வளைத்துப் போட்ட வட்டத்தின் உச்சியில் ஒருவன் நிறுத்துவான், இன்னொருவன் கோலை நோக்கி அடிப்பான். அதைப் பார்க்கிற கூட்டத்தின் கண் முழுக்க அடிக்கிற பையன் மேல்தான் இருக்கும். அடி வெளியே போனால் ‘ச்சே, அதிர்ஷ்டமே இல்லை’ என்பார்கள். அந்தப் பந்து பெரும்பாலும் அதற்கு முன்பே, பின்கோட்டில் குனிந்து நின்று பந்தை உள்ளே தள்ளினானே ஒரு பையன், அவன் மட்டையிலேயே வீணாகியிருக்கும். அவனை யாரும் பார்ப்பதில்லை.

அவன் வேலை என்ன? கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டின் மேல் பந்து. ஒரு காலாவது கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கிருந்து வட்டத்தின் உச்சிக்குப் பந்து ஓடும் தூரம் ஏறத்தாழ 19 மீட்டர். பின்கோட்டுக்குப் பின்னால் தடுக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். பந்து அசைந்ததும் அவர்களில் முதல் ரன்னர் பாய்கிறான். அவன் கடக்க வேண்டியது 15 மீட்டருக்கும் குறைவு. பந்து தரையோடு ஒட்டி வந்தால் நிறுத்துகிறவன் ஒரே தொடலில் நிறுத்துவான். நடுவில் இரண்டு துள்ளு துள்ளினால் முதல் தொடலில் மட்டையில் பட்டு விலகும், இரண்டாம் தொடலில்தான் அடங்கும். அதற்கு அரை விநாடி. அந்த அரை விநாடியில் ரன்னர் மூன்று மீட்டர் நெருங்கிவிடுவான். அதன்பின் அடிக்கிற பையனுக்குக் கோல் தெரியாது, ரன்னரின் கால் கவசம்தான் தெரியும்.

நிறுத்துகிறவன் செய்யும் தப்பு வேறு. பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் கோலை நோக்கி அடிக்கலாம். பதற்றத்தில் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்திவிட்டு அங்கிருந்தே அடித்தால், வலைக்குள் போனாலும் கோல் கிடையாது. மட்டையைத் தரையில் படுக்க வைத்து, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே பந்தைச் சாகடிக்க வேண்டும்.

அடிக்கிற பையனுக்கு வருவோம். டிவியில் பார்த்துவிட்டு எல்லாப் பையன்களும் டிராக் ஃபிளிக் போடத் துடிக்கிறார்கள். ஈரமான செயற்கைப் புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டி ஒன்றரை, இரண்டு மீட்டர் இழுத்து வந்து சுழற்றலாம். நம் பக்கத்துச் சரளை மண்ணில் ஒரு பொடிக்கல் போதும், இழுக்கும்போதே பந்து மட்டையை விட்டு எகிறிவிடும். மண் தரையில் நேரடி அடிதான் பலன் தரும். அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: முதல் ஷாட் அடியாக இருந்தால், பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம் அது, நம் கணக்கில் ஒன்றரை அடி. பலகையில் ‘டம்’ என்று சத்தம் கேட்டால் கோல், வலை மட்டும் ஆடினால் விசில். தள்ளிவிடும் பந்துக்கும், ஃபிளிக்குக்கும், வழியில் ஒருவன் மட்டை வைத்துத் திருப்பிவிடும் பந்துக்கும் அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே தாழ்வாக அடிக்க ஒருவன், தூரக் கம்பத்தருகே மட்டையைத் தாழ்த்தி வைத்துத் திருப்பிவிட ஒருவன் என்று இரண்டு பேரைத் தயார் செய்தால் மண் தரையிலும் கோல் விழும்.

பயிற்சியாளர்கள் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு ஆளை மாற்ற முடியாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பர் அடிபட்டாலோ அட்டை வாங்கினாலோ மட்டும் விதிவிலக்கு. தள்ளுகிறவனும் நிறுத்துகிறவனும் ஒரே நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால், கார்னர் கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான். உங்கள் 11 கார்னரில் எத்தனைக்கு அந்த மூவரும் சேர்ந்து களத்தில் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களி கிண்டத் தெரியாத வீடு குறைவு. களியில் கட்டி தட்டினால் அதிர்ஷ்டம் இல்லை என்று எந்த அம்மாவாவது சொல்லியிருக்கிறாரா? ‘நொய் வேகறதுக்கு முன்னாடி மாவைப் போட்டுட்டே’ என்பார், இல்லாவிட்டால் ‘போட்டதும் ஏன் கிண்டினே’ என்பார். கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கோலால் ஒரு குழி போட்டு, சின்னத் தீயில் மூடி வைத்து, மாவுக்குள் ஆவி ஏறும்வரை கை வைக்காமல் இருக்க வேண்டும். அப்புறம் பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டினால் கட்டி இருக்காது. அவசரப்பட்டுக் கிண்டினால் வெளி மாவு வெந்து உள் மாவு பச்சையாக நிற்கும். தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று அடுப்படியில் உடனே சொல்லத் தெரிந்த நமக்கு, மைதானத்துக்குப் போனால் மட்டும் ஏன் அதிர்ஷ்டம் தேவைப்படுகிறது?

அடுத்து டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை. டர்ஃப் இல்லாமல் ஹாக்கியே இல்லை என்று சாதிக்கும் நண்பர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல் வந்தது, இந்தியா 7-ஆம் இடத்துக்கு இறங்கியது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. நாலே வருடத்தில், 1980-இல் மாஸ்கோவின் செயற்கைப் புல்லில், நம் சென்னை வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியது. பல பெரிய அணிகள் புறக்கணித்த போட்டி அது என்பதும் உண்மைதான். மாவட்டத்துக்கு மாவட்டம் டர்ஃப் வேண்டும், கட்டாயம் வேண்டும்; அதைக் கேட்டு எழுதுவதை இந்தப் பக்கம் நிறுத்தாது. ஆனால் டர்ஃப் வரும்வரை பையன்களுக்குத் தள்ளவும் நிறுத்தவும் கற்றுக்கொடுக்காமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையாக மண்ணில்தானே பிடித்தார்கள் மட்டையை!

இளம் அணி தடுமாறுகிறது என்றதும் மூட்டை கட்டச் சொல்கிற உங்கள் நண்பர்களுக்கு ஒரு தகவல். 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில், அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று உதை வாங்கிய இந்தியப் பையன்கள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி நின்றார்கள். கடைசி 11 நிமிடத்தில் நாலு கோல் போட்டு 4-2 என்று வென்றார்கள். அப்போது பயிற்சியாளர், இந்திய அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். அந்த 11 நிமிடத்தில் அவர்களுக்குக் கால் எப்படிப் போனது என்பதை டீக்கடையில் போனில் போட்டுக் காட்டுங்கள்.

உங்கள் பையன்களுக்கு அடுத்த ஆட்டம் வரை எத்தனை நாள் இருக்கிறது என்று எழுதவில்லை. நாலு நாள் இருந்தாலும் போதும். மாலையில் கடைசி அரை மணி நேரத்தை மூன்று பேருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்: தள்ள ஒருவன், நிறுத்த ஒருவன், அடிக்க ஒருவன். முதல் இரண்டு நாள் அடியே வேண்டாம். முப்பது முறை தள்ளட்டும், முப்பது முறை நிறுத்தட்டும். பந்து எத்தனை முறை துள்ளியது என்று ஒருவன் நோட்டில் குறிக்கட்டும். முப்பதில் இருபத்தைந்து ஒரே தொடலில் அடங்கிய பிறகு அடிக்கிறவனைக் கூப்பிடுங்கள். பந்து ஓடும் அந்த 19 மீட்டர் தடத்தை மட்டுமாவது காலையில் தண்ணீர் தெளித்து, பொடிக்கல் பொறுக்கி, கட்டையால் தட்டிச் சமப்படுத்தி வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு டேப் வாங்கிக்கொண்டு போங்கள். நம் மைதானங்களில் பத்து மீட்டர் குறியைக் காலடி வைத்துத்தான் போடுகிறார்கள். பன்னிரண்டு அடி எடுத்து வைத்து ‘பத்து மீட்டர்’ என்பார்கள். குட்டைப் பையன் வைத்தால் அது எட்டரை மீட்டர்கூட இருக்காது. வட்டமும் அப்படித்தான், 14.63 மீட்டர் இருக்க வேண்டியது பதின்மூன்றில் நின்றிருக்கும். அந்த அளவில் பழகிய கை, சரியாகக் கோடு போட்ட லீக் மைதானத்தில் தள்ளும்போது பந்து ஒரு மீட்டர் முன்னாலேயே தளர்ந்துவிடும். டேப்பின் ஒரு முனையைக் கம்பத்தின் வெளி ஓரத்தில் பிடிக்கச் சொல்லி அளந்து, சுண்ணாம்புத் தூளால் புதிதாகக் குறி போடுங்கள். பழைய குறி எங்கே இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.