போனை எண்ணும் பெட்டி உங்கள் கடைக்கு வேண்டாம்

கேள்வி: ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், ஒரே வாசல். வருகிறவர்களின் போன் சிக்னலைப் பிடித்து, யார் எந்த ராக்கை முன் நின்றார் என்று காட்டும் பெட்டி இருப்பதாக ஒருவர் விற்க வந்திருக்கிறார். மாதக் கட்டணமும் கேட்கிறார். வாங்கலாமா? செலவு குறைந்த வழி உண்டா?

பதில்: வாங்காதீர்கள். போன் வைஃபை தேடும்போது அனுப்பும் அடையாள எண்ணைத்தான் அந்தப் பெட்டி எண்ணுகிறது. 2014இலேயே ஐபோன் அந்த எண்ணை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கியது. ஆண்ட்ராய்டும் இப்போது அதையே செய்கிறது. கடையைச் சுற்றி வருவதற்குள் ஒருவரே மூன்று பேராகிவிடலாம். வெளியே பஸ்ஸுக்கு நிற்பவரும் கணக்கில் ஏறுவார். போன் இல்லாத பாட்டி ஏறவே மாட்டார். திரையில் ஓடும் வண்ணப் படத்தை நம்பிப் பணம் கட்டியவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பெட்டியின் கணக்கை உங்கள் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்டும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஆளையே காண முடியாது.

உங்களுக்கு வேண்டியது வாசலுக்கு மேலே, கீழ்நோக்கி ஒரு லேசர் தூர சென்சார். விஎல்53எல்1எக்ஸ் என்று கேளுங்கள். 4 மீட்டர் வரை அளக்கும். அதன் பார்வையை முன்பாதி, பின்பாதி என்று பிரித்தால் உள்ளே வந்தவரா, வெளியே போனவரா என்று தெரியும். முகத்தைப் படம் பிடிக்காது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: குடை. விரித்த குடையோடு ஒருவர் நுழைந்தால் சென்சார் பார்ப்பது குடையைத்தான். அதை மடக்க அவர் ஓரடி பின்வாங்கினால், ஒருவர் வெளியேறியதாக எழுதிவிடும். ஆகவே நிலைப்படிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். மூன்றடி உள்ளே தள்ளி மாட்டுங்கள். குடை வைக்கும் வாளி வாசலுக்கு வெளியே இருக்கட்டும். வாளியை உள்ளே வைத்தால் எல்லோரும் சென்சாருக்கு அடியிலேயே நின்று குடையை உதறுவார்கள்.

ராக்கை முன் ஆள் நிற்பதை அறிய எச்சிஎஸ்ஆர்501 (HC-SR501) என்ற அசைவு சென்சார் போதும். அது 7 மீட்டர் வரை அசைவைப் பிடிப்பதால் பக்கத்து வரிசையையும் சேர்த்துக்கொள்ளும். முன்னால் அரை அடி பிவிசி குழாய்த் துண்டை மாட்டிப் பார்வையைக் குறுக்குங்கள்.

கடைக்காரர்களுக்கான கடன் திட்டத்தில் இதற்குப் பணம் கேட்டால் கம்பெனி கொட்டேஷன் கொண்டுவரச் சொல்வார்கள். இந்த சென்சார்களை இணைத்துத் தரப்போவது சோல்டரிங் தெரிந்த ஒரு பையன்; அவனிடம் கொட்டேஷனுக்கு எங்கே போவது? பெட்டி விற்பவர்தான் அதை அச்சடித்துக் கையில் வைத்திருக்கிறார்!

சரி, மாட்டியதும் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் வாசலில் ஆள் வைத்துக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். 100 பேருக்கு 90க்குக் கீழே காட்டினால் சென்சாரை நகர்த்தி மாட்டி, மறுபடி எண்ணுங்கள்.