நீர்க்கரடியை (டார்டிகிரேட் என்ற எட்டுக்கால் குட்டி விலங்கை) வீட்டிலேயே பார்க்க முடியுமா? அது உண்மையில் சாகாத உயிரா?

பார்க்கலாம். காய்ந்த பாசித் துண்டு, ஒளி ஊடுருவும் தட்டு, மழைநீர், 40 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: சாகும், அதுவும் எளிதாக. கடும் வெப்பத்தையும் வெற்றிடத்தையும் தாங்கியது என்று படிக்கிறோமே, அது பெரும்பாலும் உலர்ந்து சுருண்டு கிடக்கும் நீர்க்கரடியைப் பற்றியது. தண்ணீரில் நடமாடும் நீர்க்கரடி வேறு கதை. 2020இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 'ராமஸோட்டியஸ் வேரியோர்னேட்டஸ்' என்ற இனத்தைச் சோதித்தார்கள். நடமாடும் நிலையில், 37.1 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் இருந்ததிலேயே பாதி செத்துப்போயின. உலர்ந்த நிலையில் பாதி சாவதற்கு ஒரு மணி நேரம் 82.7 டிகிரி தேவைப்பட்டது. அதையே ஒரு நாள் நீட்டித்தால் 63.1 டிகிரியே போதுமானதாக இருந்தது. மொட்டை மாடியில் வெயிலில் வைத்த தட்டு 37 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். எனவே கீழே சொல்லும் எல்லா வேலையையும் வீட்டின் குளிர்ந்த மூலையில் செய்யுங்கள்.

எந்தப் பாசி? தொட்டால் வழுக்கும் பச்சைப் படலம் வேண்டாம். காம்பவுண்டு சுவர், பழைய ஓடு, மரப்பட்டை இவற்றில் மெத்தென்று சிறு திண்டுபோல வளரும் பாசிதான் வேண்டும். சாக்கடை ஓரம், குழாயடி என்று எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடத்தை விடுங்கள். அங்கே புழுக்களும் பாக்டீரியாவும்தான் மிகும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் இடமே நீர்க்கரடிக்குத் தோது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில், பாசி படிந்த ஒரு கான்கிரீட் சுவரில் கிடைத்த நீர்க்கரடி புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல நிறத்தில் ஒளிர்வதை 2020இல் அறிவித்தார்கள். சாதாரணச் சுவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஐந்து ரூபாய் நாணய அளவுத் துண்டுகளை நான்கைந்து இடங்களில் எடுங்கள். ஒரு திண்டில் ஏராளமாக இருக்கும், அரை அடி தள்ளி எடுத்ததில் ஒன்றுகூட இருக்காது. காகித உறையில் போட்டு, இடத்தை எழுதி வையுங்கள். ஈரப் பாசியை பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகும். காகித உறையில் காய்ந்த பாசி மாதக்கணக்கில் கெடாது.

ஊறவைத்தல். தட்டில் பாசியைத் தலைகீழாக வைத்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மழைநீர் விடுங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ. நீர். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு இரவு திறந்து வைத்து விடுங்கள். 4 மணி நேரம் முதல் ஒரு இரவு வரை ஊறினால் போதும். பிறகு பாசியைக் கவ்விப் பிடித்து நன்றாக உதறி, இன்னொரு தட்டில் பிழியுங்கள். பத்து நிமிடம் ஆடாமல் வைத்துவிட்டு, டிராப்பரால் அடி வண்டலிலிருந்து உறிஞ்சுங்கள். பலர் தோற்பது இங்கேதான்: மேல் நீரை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று கொட்டிவிடுகிறார்கள். நில நீர்க்கரடிக்கு நீந்தத் தெரியாது, அடியில்தான் கிடக்கும்.

ஒரு நாளுக்கு மேல் ஊறவிட்டால் பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜன் குறையும். அப்போது நீர்க்கரடிகள் உடல் உப்பி, கால்கள் விறைத்து, அசைவற்று மிதக்கவோ கிடக்கவோ செய்யும். இது மூச்சுத்திணறலில் வரும் மயக்க நிலை. உடனே புதிய தண்ணீருக்கு மாற்றினால் பல எழுந்து நடக்கும்.

பார்ப்பது எப்படி? தட்டின் கீழே கறுப்புத் தாள் வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடி போன்ற உடல் இருட்டில் மின்னும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆகவே 20 முதல் 40 மடங்கில் தேடுங்கள், கிடைத்ததும் 100 மடங்குக்குப் போங்கள். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் ஒளியைக் குறைக்கும் டயஃப்ரத்தைப் பாதிக்கு மேல் மூடிவிடுங்கள். முழு ஒளியில் இந்த உயிரியின் விளிம்பே தெரியாது, கண்ணெதிரில் இருந்தும் தவறவிடுவீர்கள். பழைய மஞ்சள் பல்பு உள்ள மைக்ரோஸ்கோப் என்றால் ஸ்லைடு சூடாகும், சில நிமிடத்துக்கு ஒருமுறை அணையுங்கள். கவர் ஸ்லிப்பை (துளியை மூடும் மெல்லிய கண்ணாடியை) நேரடியாக வைத்தால் விலங்கு நசுங்கும். நான்கு மூலையிலும் கடுகளவு வாசலின் தொட்டு அதன்மேல் வையுங்கள்.

முதலில் கண்ணில் படுவது அநேகமாக ரோட்டிஃபர் என்ற வேறொரு நுண்ணிய விலங்கு. உடலை நீட்டி, ஒட்டி, இழுத்து நகரும், தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல இழைகள் துடிக்கும். விடாமல் சாட்டையடிப்பது நூற்புழு. எட்டுக் குட்டைக் கால், நுனியில் நகம், கடைசி ஜோடி பின்னோக்கி, பிடிமானம் தேடித் தடுமாறும் நடை என்றால், அதுதான் நீர்க்கரடி. 1773இல் கோட்ஸே என்ற ஜெர்மானிய பாதிரியார் இதை 'குட்டி நீர்க்கரடி' என்று விவரித்தார். அவசரப்படாமல் பாருங்கள். வாய்க்குழாயின் இருபுறமும் இரண்டு ஊசிகள் தெரியும். அவற்றால் பாசியின் செல்லைக் குத்தி உறிஞ்சும். 'மில்னேசியம்' பேரினத்து நீர்க்கரடி ரோட்டிஃபரையே பிடித்துத் தின்னும். இதயமும் நுரையீரலும் கிடையாது, உடல் திரவம் உள்ளே ஓடுவதை நேரில் பார்க்கலாம். உரித்துப்போட்ட தோலுக்குள் முட்டைகள் வரிசையாகக் கிடந்தால் அதிர்ஷ்டம். சில இனங்கள் தோல் உரிக்கும்போது அப்படித்தான் முட்டையிடும்.

உலர்த்தும் சோதனை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சில நீர்க்கரடிகளை ஒரு துளி நீரோடு வெறும் ஸ்லைடில் விட்டு ஃபேன் காற்றில் வையுங்கள். சில நிமிடத்தில் காய்ந்துவிடும். வேறு சிலவற்றை ஈரமான வடிதாள் துண்டில் விட்டு, மூடியைச் சிறிது திறந்து நிழலில் ஒன்றிரண்டு நாள் மெல்லக் காயவிடுங்கள். பிறகு இரண்டுக்கும் தண்ணீர் விடுங்கள். வேகமாகக் காய்ந்தவை பெரும்பாலும் தட்டையாக ஒட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும். மெல்லக் காய்ந்தவற்றில் பல, இருபது நிமிடம் முதல் சில மணி நேரத்தில் கால்களை நீட்டும்.

காரணம், காய்வதும் அதற்கு ஒரு வேலைதான். கால்களை உள்ளிழுத்து, பீப்பாய் வடிவில் சுருங்கி, நீர் போகும் பரப்பைக் குறைக்க வேண்டும். செல்லுக்குள் உள்ளவை நொறுங்காமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் புரதங்களைப் போதிய அளவு தயாரிக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஃபேன் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. 2007இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் 10 நாள் விண்வெளிக்குப் போனவையும் இப்படி முன்கூட்டியே உலர்த்தப்பட்டவைதான். வெற்றிடத்தை நன்றாகத் தாங்கின. சூரியனின் முழுப் புற ஊதாக் கதிரும் சேர்ந்து பட்டவற்றில் மிகச் சிலவே பிழைத்தன.

எல்லா நீர்க்கரடிக்கும் இந்த வித்தை கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். மண்டபம் கடற்கரை மணலில் கிடைத்து, அப்துல் கலாம் நினைவாக 2023இல் 'பாட்டிலிப்பஸ் கலாமி' என்று பெயர் பெற்ற இனமும் நீர்க்கரடிதான். ஆனால் கடலில் வாழும் இனங்களில் பெரும்பாலானவை உலர்ந்தால் மீள்வதில்லை. அவற்றைத் தேடும் முறையும் வேறு: அலை வந்து போகும் இடத்து ஈர மணலில் ஒரு கைப்பிடி எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் சுழற்றுங்கள். உப்பு குறைந்த அதிர்ச்சியில் மணலைப் பற்றியிருக்கும் பிடி தளரும். மேல் நீரை 40 மைக்ரான் வலையில் வடித்து, வலையில் நின்றதைத் தாமதிக்காமல் கடல்நீருக்கு மாற்றுங்கள். நல்ல தண்ணீரிலேயே விட்டுவைத்தால் இறந்துவிடும்.