அம்மாவிடம் சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் காசிமேட்டுக்காரர்கள். அம்மாவுக்கு 58 வயது, முப்பது வருஷமாக மீன் விற்றவர். மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடிந்து, இப்போது 21 நாளைக்கு ஒருமுறை கீமோ ஏறுகிறது. இரண்டு முடிந்துவிட்டது. அம்மாவிடம் 'வெறும் கட்டிதான்' என்றே சொல்லி வைத்திருக்கிறோம். பெயரைச் சொன்னால் உடைந்துபோவார் என்கிறார் அண்ணன். சாப்பாடு ஊட்டப் போனால் தினமும் சண்டை. அண்ணி தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார், குழந்தையையும் பக்கத்தில் விடுவதில்லை. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா? - ஒரு மகள்

பதில்: சொல்லுங்கள். அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கீமோ வார்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் 'உனக்கு எங்கம்மா வந்துச்சு?' என்று கேட்காமலா இருந்திருப்பார்? செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் இன்றையதா நேற்றையதா என்று சொல்கிறவருக்குப் பெற்ற பிள்ளைகளின் முகம் படிக்கத் தெரியாதா? நீங்கள் கலங்கிவிடக் கூடாதே என்று அவரும் தெரியாத மாதிரி இருக்கலாம். அப்படியென்றால் தன் பயத்தைச் சொல்லி அழக்கூட அவருக்கு வீட்டில் ஆள் இல்லை.

அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா மேல் உள்ள பாசம்தான் அவரைத் தடுக்கிறது. ஆனால் கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு இந்த வாந்தியும் முடி கொட்டுவதும் என்று அம்மா யோசிக்க மாட்டாரா? காரணம் தெரியாமல் கஷ்டப்படுகிறவர் பாதியில் 'போதும், நிறுத்து' என்று சொல்லிவிடுவார். உடம்பில் புதிதாக ஏதாவது வந்தாலும் பெரிதாக நினைக்காமல் விட்டுவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

முக்கியமாகக் காய்ச்சல். மருந்து ஏறி ஒரு வாரம், பத்து நாளில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்தச் சமயத்தில் கிருமி தொற்றினால் உடம்பால் எதிர்த்து நிற்க முடியாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி தூரம் என்றால் உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். போனதும் 'கீமோ போய்க்கொண்டிருக்கிறது' என்று முதலில் சொல்லி ஃபைலைக் காட்டுங்கள்.

சரி, எப்படிச் சொல்வது? எல்லாரும் சுற்றி உட்கார்ந்து திடீரென்று போட்டு உடைக்க வேண்டாம். 'டாக்டர் சொன்னதெல்லாம் உனக்குத் தெரியணுமாம்மா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?' என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். 'நீங்களே பாருங்கடி' என்றால் அதுவும் அவர் இஷ்டம், விட்டுவிடுங்கள். தெரிய வேண்டும் என்றால் அடுத்த கீமோவுக்கு முன்னால் டாக்டர் அறைக்குள் அவரையும் கூட்டிப் போங்கள், அண்ணனும் கூட வரட்டும். டாக்டர் வாயால் கேட்டால் சந்தேகங்களையும் அங்கேயே கேட்டுக்கொள்வார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கீமோவில் நாக்கு மரத்துப்போகும், சிலருக்கு எதைத் தின்றாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும். வாடையே குமட்டும். வாழ்நாள் முழுக்க மீன் கூடையோடு இருந்தவருக்கு வீட்டில் வஞ்சிரம் வறுக்கும் வாசனை தாங்காமல் போனால் அவருக்கே அது எவ்வளவு வேதனை! குழம்பு கொதிக்கும் நேரத்தில் அவரைக் காற்றாட வாசலில் உட்காரவையுங்கள். சூட்டில்தான் வாடை தூக்கும் என்பதால் ஆறிய சாப்பாடு கொடுங்கள். இட்லி, கஞ்சி, குழைந்த பருப்பு சாதம், நன்றாக வெந்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. வாய் புண்ணானால் காரத்தை நிறுத்திவிட்டு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கட்டும். ஊட்டாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், சண்டை பாதி குறையும்.

அண்ணியிடம் ஒரு வார்த்தை. புற்றுநோய் தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. அந்தத் தட்டை இன்றைக்கே மற்ற தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். மருந்து ஏறிய பிறகு இரண்டு நாள் மட்டும் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். அதைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தை பாட்டி மடியில் தாராளமாக உட்காரலாம். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் மட்டும் தள்ளி வையுங்கள், அதுவும் பாட்டியைக் காப்பாற்றத்தான்.

அப்புறம் நீங்கள். ராத்திரிக் காவலை அண்ணனோடு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், மகள்தான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படியும் தூக்கம் வராமல் மனசு அடித்துக்கொண்டால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம்தான், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.