பொறுக்கலாமா, தாண்டிப் போகணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் ஜப்பானில், நரிட்டா பக்கம் வேலையில் இருக்கிறார். 2026 பிப்ரவரி முதல் வாரம் நானும் நாலு வயசுப் பையனும் அங்கே இருப்போம். அப்போது ஒரு பெரிய கோயிலில் பீடை கழிக்கிற திருவிழா நடக்குமாம், மேலேயிருந்து பயறு வீசுவார்களாம், அதைப் பொறுக்கிச் சாப்பிடணுமாம். நான் 1994-இல் பிறந்தவள். பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி, "இது உனக்கு ஆகாத வருஷம், கட்டாயம் போ" என்கிறாராம். என் மாமியாரோ, "ஊர் பீடையெல்லாம் கழிச்சுக் கொட்டின இடத்துல போய்ப் பொறுக்கித் தின்னுட்டு வராதே" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மாமியார் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. முச்சந்தியில் குங்குமம் தடவிய பூசணித் துண்டைக் கண்டால் வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்தானே நாம். ஆனால் உங்கள் ஊரிலேயே மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளை நடக்கிறதே, அங்காளம்மன் முன்னால் தானியமும் காய்கறியும் சில்லறையும் கூட்டத்தில் இறைக்கிறார்களே, சுடுகாட்டில் இறைத்தது என்று யாராவது ஒதுங்குகிறார்களா? முந்தானையை விரித்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அந்தப் பயறு இந்த வகை. முச்சந்திப் பூசணி வகை இல்லை. இதை அப்படியே மாமியாரிடம் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

திருவிழாவின் பெயர் செட்சுபுன். அவர்கள் கணக்கில் வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள். பெரும்பாலும் பிப்ரவரி 3, சில வருஷம் 2 (2021-லும் 2025-லும் அப்படித்தான் வந்தது). நீங்கள் போகிற 2026-இல் 3-ஆம் தேதி. அன்று வீட்டுக்கு வீடு வறுத்த சோயாவை வாரி இறைத்து, "ஓனி வா சோத்தோ, ஃபுக்கு வா உச்சி" என்று கத்துவார்கள். பேயே வெளியே போ, நல்லதே உள்ளே வா என்று அர்த்தம். வறுக்காத பயறு உதவாது, வறுத்தே ஆகணும். எறிந்தது எங்காவது மூலையில் கிடந்து முளைத்துவிட்டால் துரத்திவிட்ட பீடையும் முளைத்துவிடும் என்று பயம். அப்புறம் அவரவர் வயசுக்கு எத்தனையோ அத்தனை பயறு எண்ணிச் சாப்பிடணும். (எனக்கெல்லாம் அது ஒரு வேளைச் சாப்பாடு.)

நீங்கள் சொல்லும் கோயில் நரிட்டாசான் ஷின்ஷோஜியாகத்தான் இருக்கும். 940-இல் தொடங்கியது. மூலவர் ஃபுடோ மியோஓ, சமஸ்கிருதத்தில் அசலர். கையில் வாளும் கயிறும், முதுகுக்குப் பின்னால் நெருப்பு, முறைத்த கண். நம் எல்லைச்சாமியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவே தெரியாது. நான் போயிருந்த வருஷம் பயறு வீச சுமோ மல்லர்கள் வந்திருந்தார்கள், மேடையிலிருந்து ஒரு பொட்டலம் நேராக என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. ஒரு விஷயம் கவனியுங்கள். வீடுகளில் "பேயே வெளியே போ" என்று கத்துகிறார்கள் இல்லையா, இந்தக் கோயிலில் அதைச் சொல்வதே கிடையாது, "நல்லதே உள்ளே வா" மட்டும்தான். இந்தச் சாமி முன்னால் பேயும் திருந்திவிடும், அதைத் துரத்துவானேன் என்பது அவர்கள் நியாயம். அதனால் யார் பீடையையும் அங்கே உங்கள் தலையில் கொட்டப்போவதில்லை. சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்த பயறு அது, தைரியமாகப் பிடியுங்கள்.

ஆனால் பையனுக்குக் கொடுக்காதீர்கள். வறுத்த சோயா தொண்டையில் சிக்கும், 5 வயசு வரைக்கும் கொடுக்கவேண்டாம் என்று அந்த ஊர் அரசே எச்சரித்திருக்கிறது. கூட்டம் முட்டும் முன்வரிசைக்கும் அவனைக் கொண்டுபோகவேண்டாம்.

சரி, ஆகாத வருஷம். யாகுதோஷி என்பார்கள். ஆண்களுக்கு 25, 42, 61. பெண்களுக்கு 19, 33, 37. இதில் ஆணுக்கு 42-உம் பெண்ணுக்கு 33-உம் ரொம்ப மோசம். பிறந்த உடனே ஒரு வயசு, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயசு என்று பழைய கணக்கு. அந்தக் கணக்கில் 1994-இல் பிறந்த உங்களுக்கு 2026-இல் 33 நடக்கிறது. முந்தின வருஷமும் பிந்தின வருஷமும்கூட ஜாக்கிரதையாம், ஆக மூன்று வருஷம். ஏழரைக்கு இது தேவலை! காரணத்தை விசாரித்தால் சிரிப்பு வரும். 42-ஐ 'ஷி-நி' என்று உச்சரித்தால் சாவு என்பதுபோல் ஒலிக்கும். 33-ஐ 'சான்சான்' என்றால், படுமோசம் என்கிற 'சான்ஸான்' நினைவுக்கு வரும். எண்ணின் ஓசைக்குப் பயந்த பயம்தான் இது, உங்கள் ஜாதகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாட்டி பாசத்தில் சொல்கிறார், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயறு வீசி முடிந்ததும் திரும்பிவிடாமல் உள்ளே போய் கோமாவில் உட்காருங்கள். கோமா என்றால் வேறொன்றும் இல்லை, நம் ஹோமம்தான்; இங்கிருந்து சீனா போய், 806-இல் ஜப்பான் திரும்பிய கூக்காய் என்கிற துறவியோடு அங்கே போய்ச் சேர்ந்த சடங்கு. பெரிய முரசு அதிரும், குச்சிகளை அடுக்கி எரிப்பார்கள், முடிவில் ஜனங்கள் தங்கள் பையை நீட்டுவார்கள், வாங்கி அந்தத் தீயில் காட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செருப்பைக் கழற்றணும், படம் எடுக்கக் கூடாது, கை தட்டாமல் கும்பிட்டால் போதும் (இரண்டு தட்டு தட்டுவது, அவர்களின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயங்களில்).

மாமியாரின் பயத்துக்குப் பொருந்துகிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஷிக்கோக்கு தீவில் யாகுஓஜி என்கிற கோயிலில் பெண்களுக்கு 33 படி, ஆண்களுக்கு 42 படி தனித்தனியாக இருக்கும். படிக்கு ஒரு காசு வைத்து, ஒவ்வொரு வருஷப் பீடையையும் அங்கேயே விட்டுவிட்டு ஏறுவார்கள். அந்தக் காசைத் தொடாதீர்கள். அதேபோல குறி பார்க்கிற சீட்டு எடுத்து 'கெட்டது' என்று வந்தால் அங்கே இருக்கும் கம்பியிலேயே கட்டிவிட்டு வரணும். டோக்கியோ அசாகுசா கோயிலில் நூறு சீட்டில் முப்பது கெட்ட சீட்டுதான், எனக்கும் வந்தது. கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

கேள்வி: அதே திருவிழாவுக்கு நாங்களும் போகிறோம். சுத்த சைவம். கடைகளில் என்ன கிடைக்கும்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கஷ்டம்தான். நரிட்டா கோயில் தெருவே விலாங்கு மீனுக்குப் பேர்போனது. உருண்டையாக, பார்க்கப் பணியாரம் மாதிரி சுட்டு விற்பதற்குள் ஆக்டோபஸ் இருக்கும். காய் மட்டும் போட்ட சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறுதான். சுட்ட சர்க்கரைவள்ளி கிடைத்தால் விடாதீர்கள். மற்றபடி வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: தருமா என்று சிவப்புப் பொம்மை வாங்கி வந்திருக்கிறார்கள், கண்ணே இல்லை. திருஷ்டிக்கு வாசலில் மாட்டலாமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: மாட்டாதீர்கள், அது வீட்டுக்குள் இருக்கவேண்டிய ஆள். காஞ்சிபுரத்திலிருந்து போனதாக நாம் சொல்லிக்கொள்கிற போதிதருமர்தான் அவர். ஒன்றை நினைத்துக்கொண்டு பொம்மையின் இடது கண்ணை வரையுங்கள், நினைத்தது நடந்தால் வலது கண். வருஷம் முடிந்தால் அங்கே கோயிலிலேயே திருப்பிக் கொடுத்து எரித்துவிடுவார்கள். பென்னாகரத்தில் அதற்கு வழியில்லை, போகியன்று பார்த்துக்கொள்ளுங்கள்.