கிதாரும் ஸ்கூல் பீஸும் – ஒரு கடிதம்

வணக்கமுங்க ஐயா,

நான் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூருங்க. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதுல இருந்து ஆர்டர் கொறஞ்சு, வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. ரெண்டாவது டெர்ம் பீஸ் 21,000, வீட்டு வாடகை பாக்கி 14,000, கரண்ட் பில் 3,000. மொத்தம் 38,000 வேணுங்க. எங்கிட்ட யமஹா எல்எல்16 கிதார் ஒண்ணு இருக்குது. எட்டு வருசமா சர்ச்சுல வாசிக்கிறேன். புதுசு 80,000க்கு மேல சொல்றாங்க. கோயமுத்தூர்ல ஒரு கடையில 24,000 தர்றேங்கறாங்க. குடுத்தரலாங்களா? பத்து வயசுப் பொண்ணு ஆறு மாசமா இதுலதான் கத்துக்கறா. அதை நெனச்சாத்தான் மனசு கேக்க மாட்டேங்குது.

செ.

அன்புள்ள செ.,

விற்கலாம். 24,000க்கு வேண்டாம். கிதாரும் போய், 38,000இல் மீதி 14,000 கடனும் அப்படியே நிற்கும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வாங்கி, செட்டப் செய்து, மாதக்கணக்கில் சுவரில் மாட்டி வைத்துத்தான் அவர் விற்க வேண்டும். அந்தச் செலவையெல்லாம் உங்கள் விலையில்தான் கழிப்பார். வாசிக்கிற ஒருவரிடமே நேராகக் கொடுத்தால் புதுவிலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அப்படி ஒருவர் வந்து சேர மூன்று நான்கு வாரமாவது ஆகும். முதலில் அந்த வாரங்களுக்கு வழி பார்ப்போம்.

38,000மும் ஒரே நாளில் கட்டியாக வேண்டியதில்லை. கரண்ட் பில்தான் காத்திருக்காது, கெடு தாண்டினால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அதை முதலில் கட்டுங்கள். வீட்டுக்காரரிடம் உங்கள் அட்வான்ஸ் இருக்கிறது. "தீபாவளிக்குள்ள தந்தர்றேனுங்க" என்று தேதி வைத்து நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். பள்ளியில் பீஸை இரண்டு தவணையாகக் கட்ட எழுதிக் கேளுங்கள். கெடு முடிவதற்கு முன்பே கேட்டால்தான் ஆபீஸில் காது கொடுப்பார்கள்.

இதெல்லாம் நடக்காவிட்டால், வீட்டில் நகை இருந்தால், பேங்க்கில் வைக்கலாம். 38,000க்கு வருடம் 9 சதவீதம் என்றால் இரண்டு மாத வட்டி 570 ரூபாய். அடகுக் கடையில் ரெண்டு வட்டிக்கு வைத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 1,520. அதுகூட, அவசரத்தில் கிதாரைக் கொடுத்து இழக்கப்போகிற பதினைந்து இருபதாயிரத்துக்கு முன்னால் சின்னத் தொகைதான். கிதார் விற்ற அன்றே நகையை மீட்டுவிட வேண்டும் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது கிதாருக்கு வருவோம். எல்எல்16 முழுக்க முழுமரம். மேல்பலகை எங்கெல்மன் ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் ரோஸ்வுட். வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "பிளை இல்லையே?" என்பதாக இருக்கும். ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துக் காட்டுங்கள்: மேலே தெரியும் மரரேகை வெட்டுமுகத்திலும் அப்படியே இறங்கும், பிளையில் அடுக்கு அடுக்காகத் தெரியும். (கிதார்க்காரர்கள் கிழக்கிந்திய ரோஸ்வுட் என்று உயர்வாகச் சொல்வது நம் ஆனைமலைப் பக்கம் வளர்கிற ஈட்டியைத்தான். நம் ஊர்க்காரர்களே இதை அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.)

உள்ளே லேபிளில் இருக்கும் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் கட்டை) பின்பக்கம் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது. வெயிலில் நின்ற காருக்குள் கிதார் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஃபெவிக்விக் ஊற்றிவிடாதீர்கள். அதற்குப் பிறகு எந்த மெக்கானிக்காலும் அதைச் சுத்தமாகக் கழற்றி ஒட்ட முடியாது. 12ஆவது பிரெட்டில் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தால், தடித்த கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 1.8 வரை இருந்தால் நல்லது. தடித்த கம்பியை 1ஆவது பிரெட்டிலும் 14ஆவது பிரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். ஏழாவது பிரெட் பக்கம் 0.25 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு போகிற இடைவெளி போதும். அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) கால் சுற்று இறுக்கி, கம்பியைத் திரும்பச் சுருதி சேர்த்து, அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. கைக்குத் திருகி வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிரெட் முனைகள் கையைக் கீறுகின்றனவா? மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அரம் போடாதீர்கள், ஈரம் திரும்பினால் மரமும் திரும்பும். மூடியில் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள், நனைத்துச் சொட்டாமல் பிழிந்த பஞ்சை வைத்து, கிதார் பெட்டிக்குள் இரண்டு வாரம் போட்டு மூடுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் சரி. பிரெட்டுகள் பதித்த பலகையான பிங்கர்போர்டைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். காங்கேயத்துச் செக்கில் ஆட்டியதாகவே இருக்கட்டும், பிசுக்குப் பிடித்து பிரெட்டின் அடியில் அழுக்குச் சேரும். கிதாருக்கென்று விற்கும் லெமன் ஆயில் நாலு சொட்டு போதும்.

செலவு என்றால் 12–53 அளவில் ஒரு செட் புதுக் கம்பி மட்டும். முதல் மூன்று பிரெட்டில் குழி விழுந்திருந்தாலும் பிரெட்டுகளை மாற்றி ரீபிரெட் செய்யாதீர்கள், போட்ட பணம் விலையில் திரும்பாது. குழியைப் படமெடுத்து, கீறலையும் படமெடுத்து, முதலிலேயே அனுப்புங்கள். வீடு வரை வந்து பார்த்தபின் கண்ணில் பட்டால் ஒரு கீறலுக்கு மூவாயிரம் குறைப்பார்கள். காலையில், நிழலில், ஸ்கேலோடு படமெடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெட்டாக வாசித்து இரண்டு நிமிட வீடியோவும் எடுங்கள்.

48,000 சொல்லுங்கள். மூன்று வாரம்வரை 42,000க்குக் கீழே இறங்காதீர்கள். தீபாவளி போனஸ் கைக்கு வருகிற வாரம்தான் திருப்பூரில் இப்படிப் பொருள் நகரும், பண்டிகை முடிந்தால் எல்லோர் கையும் காலி. அடுத்து சர்ச் குழுக்கள். கிறிஸ்துமஸ் கேரலுக்கு இப்போதே தேட ஆரம்பித்திருப்பார்கள். உங்கள் ஆயரிடம் சொன்னால் கோவை, ஈரோடு சபைகளுக்கும் சேதி போய்விடும். மேடைக் கச்சேரிக் குழுக்கள் பங்குனி, சித்திரை நோம்பிக்கு முன்புதான் வாங்குவார்கள், அதுவரை உங்களால் தாங்க முடியாது.

"ராணுவத்தில் இருக்கேன், பார்க்காமலே எடுத்துக்கறேன்" என்று ஒரு போன் வரும். க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறும் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் நம்பரே தேவையில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். அப்படி ஏமாந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்தபின் கிதாரைக் கையில் கொடுங்கள். மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. "திரும்ப விற்பதானால் முதலில் எனக்குச் சொல்லவும்" என்று ஒரு வரி சேருங்கள். சட்டப்படி அது யாரையும் கட்டாது. ஆனால் வாசிக்கிறவர்கள் அந்த வரியை மறப்பதில்லை.

பாப்பாவைப் பற்றி. பத்து வயதுக் கைக்கு அந்தக் கிதார் ஆரம்பத்திலிருந்தே பெரியது. அதன் கம்பி நீளம் 65 சென்டிமீட்டர், ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். விரல் நுனி எரிந்துதான் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முக்கால் அளவு நைலான் கிதாரில் கம்பி நீளம் 58 சென்டிமீட்டர், விசை ஏறக்குறைய பாதி. 42,000 கைக்கு வந்ததும் 38,000 போக மிச்சம் 4,000 இருக்கும். அதை வேறெதற்கும் தொடாமல், ஒரு பழைய முக்கால் கிதார் வாங்குங்கள். அதில் என்றைக்கும் ஸ்டீல் கம்பி மாட்ட வேண்டாம், பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிடும்.