கற்பிக்கப் போன இடத்தில் பிறந்த மொழி ஆசை
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: பந்தலூர் அருகே பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக இருந்தேன். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும், பாட்டிமார் என்னிடம் கேட்டதும் முதலில் பிடிபடவே இல்லை. சிறிது சிறிதாகப் பிடிபடத் தொடங்கியபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, மொழிகளைக் கற்பதிலேயே வாழ்நாளைச் செலவிட வேண்டும் என்ற ஆசையாக இப்போது வளர்ந்துவிட்டது. வீட்டிலோ, வேலைக்கு உதவும் ஜெர்மன் அல்லது ஜப்பானிய மொழியைப் படி என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, கூடலூர்

பதில்: ஜெர்மன் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை, வீட்டார் சொல்வதிலும் அக்கறை இருக்கிறது. ஆனாலும், பணிய மொழியைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கட்டணம் செலுத்திச் சேரும் வகுப்பை நாம் இடையில் நிறுத்தினால் யாருக்கும் இழப்பில்லை. அந்தக் குடியிருப்பிலோ, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு போடுவதா பின்பு போடுவதா என்று கேட்கும் பாட்டிக்கு நீங்கள் சரியாகப் பதில் சொல்லியாக வேண்டும். பள்ளியில் வாய் திறக்காத குழந்தை மந்தமானது அன்று, வீட்டில் கேட்டறியாத மொழியில் கேள்வி கேட்கப்பட்டதால் திகைத்து நிற்கிறது என்பதை ஆசிரியருக்கு எடுத்துச் சொல்லவும் அங்கே ஒருவர் வேண்டும். நம் பதிலுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற நிலை காதைக் கூர்மையாக்குவதுபோல எந்தப் பாடநூலும் ஆக்குவதில்லை. தொண்டு செய்யப் போனவர்களுக்கு மொழி ஆசை பற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த ஆசையை, அது பிறந்த இடத்திலேயே சில காலம் வேர்விட விடுங்கள்.

பணிய மொழி மலையாளத்துக்கு நெருக்கமானது. வயநாட்டிலும் உங்கள் கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும் பேசப்படுவது. அதைக் கொச்சை மலையாளம் என்று சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். அதற்கென்று வினைமுற்றுகளும் ஒலிமுறையும் உண்டு. பிள்ளைகள் பேசும் வாக்கியங்களை அவர்கள் பேசியபடியே ஒரு நோட்டில் எழுதி, நேற்று நடந்தது, இன்று நடப்பது, நாளை நடக்கப்போவது என்று பிரித்துப் பார்த்தால், அந்த இலக்கணத்தின் ஒழுங்கு உங்களுக்கே புலப்படத் தொடங்கும். கற்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, அவர்கள் உங்களுக்குக் கற்பிப்பதற்கென்று ஒதுக்குங்கள். தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளை தன் மொழியில் உங்களைத் திருத்தும்போது, அதற்கு வகுப்பில் ஒரு மதிப்பு பிறக்கிறது. தமிழ்ப் பாடத்திலும் அதன் கூச்சம் குறைகிறது.

அடுத்த மொழிக்காக நீங்கள் வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். குறும்பர் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவர்களுள்ளேயே ஆலுக் குறும்பர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் என்று பிரிவுகளும் வெவ்வேறு பேச்சுகளும் உண்டு. இவற்றோடு படகர்களின் மொழி. கன்னடத்துக்கு நெருங்கிய படகமே முன்பு மலைமக்கள் பலருக்கும் பொதுமொழியாக இருந்தது. கோத்தர்கள் தோடர்களுக்கும் படகர்களுக்கும் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்துகொடுத்து, அவர்களுடைய சடங்குகளில் இசைத்தும் வந்தார்கள். அப்படிப்பட்ட வாழ்க்கையில், அயலாரின் மொழியும் காதில் விழுந்தே பிள்ளைகள் வளர்ந்தார்கள். பல மொழி அறிவது பட்டம் பெற்றவர்களின் தனித்திறமை என்ற எண்ணம் இந்த மலைக்குப் பொருந்தாது.

மர்ரே எமனோ என்ற கனடிய அறிஞரை இங்கே குறிப்பிட வேண்டும். சமஸ்கிருதம் பயின்ற அவர் 1935இல் இந்தியாவுக்கு வந்து, மூன்றாண்டுக் காலத்தின் பெரும்பகுதியை நீலகிரியில் கோத்தர், தோடர், படகர் மொழிகளைக் கேட்டு எழுதுவதில் செலவிட்டார். சுள்ளி என்ற கோத்தர் சொல்லச்சொல்ல அவர் எழுதிக்கொண்ட கதைகள் 1944 முதல் 1946 வரை நூல்களாக வெளிவந்தன. பின்னர் தாமஸ் பரோவுடன் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. எமனோவின் பெயரைச் சொல்பவர்கள் சுள்ளியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் கதைகளையும் மொழியையும் தந்தவர் அவர்தான்.

தமிழ் அறிந்த காது உங்களுக்குப் பெரிய உதவி. கன்னடம், படகம், கோத்தர் மொழி, தோடர் மொழி ஆகியவற்றில் சொல்லின் தொடக்கத்தில் ககரம் நிற்கும் சில இடங்களில் தமிழிலும் மலையாளத்திலும் சகரம் வரும். நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. இத்தகைய ஒழுங்குகள் சிலவற்றைக் கண்டுகொண்டால், புதிய சொற்களில் பல உறவினர் முகம்போலத் தெரியத் தொடங்கும். ஜெர்மனை அதன் பிறகு படியுங்கள். கேட்டுப் பழகிய காதோடு போகிறீர்கள். வகுப்பில் அது உதவும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்துள்ள ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்காக இந்த வயதில் இந்தி கற்கத் தொடங்கியிருக்கிறேன். அது போதுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: பெற்றோருடன் பேச இந்தி உதவும், தொடர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், ஐயா. ஜார்க்கண்டில் சாத்ரி பேசுவோரும், முண்டாரி, சந்தாலி பேசுவோரும் இருக்கிறார்கள். முண்டாரியும் சந்தாலியும் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் சந்தாலி, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஓராவோன் என்ற பழங்குடியைச் சேர்ந்த குடும்பம் ஏதேனும் இருந்தால், அவர்களுடைய குடுக் மொழியில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுக்கு ‘மூந்த்’ என்றும் நான்குக்கு ‘நாக்’ என்றும் அந்தப் பிள்ளை சொல்லும். அதுவும் திராவிட மொழிதான். தன் வீட்டுப் பேச்சுக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று அறியும் பிள்ளை தமிழை அணுகும் விதமே வேறாக இருக்கும். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். உச்சரிப்புப் படிவதற்குச் சற்றுக் காலம் எடுக்குமே தவிர, சொற்களைப் பொருளோடு இணைத்து நினைவில் நிறுத்துவதில் ஆசிரியராக இருந்த உங்களுக்கு அனுபவம் துணைநிற்கும்.

கேள்வி: சுகாதார முகாம்களில் உதவும்போது கேட்ட கோத்தர், இருளர் சொற்களைத் தமிழ் எழுத்தில் தொகுத்து வருகிறேன். இதை வெளியிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தமிழ் எழுத்து தொடக்கத்துக்குப் போதும். ஆனால் நம் ககரம் வன்மையான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒரே எழுத்து. கோத்தர் மொழியில் அந்த வேறுபாட்டால் பொருளே மாறிவிடும் என்பதால், எழுத்தின் கீழ் ஒரு கோடிட்டு இரண்டையும் பிரித்துக்காட்டுங்கள். தோடர் மொழியைத் தொகுக்க நேர்ந்தால் இதுவும் போதாது. அதன் ரகர ஒலிகளுக்கே பல குறிகள் தேவைப்படும்.

வெளியிடுவதற்கு முன், சொன்னவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் தொகுப்பை வாசித்துக்காட்டி ஒப்புதல் பெறுங்கள். வழிபாட்டுக்கும் சடங்குக்கும் உரிய சொற்களை அவர்கள் நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். நோயாளிகள் தங்கள் உடல்நிலையைச் சொன்ன வாக்கியங்கள் எந்த வடிவிலும் அதில் இருக்கக் கூடாது. கோத்தர், தோடர் மொழிகளை அழிவின் விளிம்பில் உள்ளவையாக யுனெஸ்கோ வகைப்படுத்தியிருப்பதால், உங்கள் தொகுப்புக்கு மதிப்பு உண்டு. முதல் படி அந்த ஊர்ப் பள்ளிக்கும், அடுத்த படி உதகை அருகே பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் போகட்டும்.